எலுமிச்சைத் தளிரில் ஒரு வெள்ளிக் கோடு

உங்கள் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சை மரம் ஒன்று நிற்கிறதா? நாரத்தையாகவோ சாத்துக்குடியாகவோ இருந்தாலும் சரியே. இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, சற்றே அதன் அருகில் சென்று, அண்மையில் துளிர்த்த தளிர்களைத் திருப்பிப் பாருங்கள். நத்தை ஊர்ந்து சென்ற தடம் போல, வெள்ளியை உருக்கி வளைத்து வளைத்துக் கோடு இழுத்தது போல, பளபளப்பான ஒரு தடம் இலையின்மீது தென்படக்கூடும். கோட்டின் நடுவே மெல்லிய கருநூல் ஒன்று ஓடும். இலையின் ஓரம் சுருண்டு மடிந்திருக்கும்.

இதனைக் கண்டு 'மரத்திற்குக் கண்ணேறு பட்டுவிட்டது' என்பார் உண்டு. 'நத்தை ஏறிவிட்டது' என்பார் உண்டு. 'மண்ணில் சத்து இல்லை' என்று உரம் வாங்கப் புறப்படுவாரும் உண்டு. இவற்றுள் எதுவும் சரியன்று. அந்தக் கோடு ஒரு சின்னஞ்சிறு அந்துப்பூச்சியின் குழந்தைப் பருவ வரலாறு. படிக்கத் தெரிந்தவர்க்கு அது எங்கே பிறந்தது, எவ்வழியே சென்றது, எவ்விடத்தில் உறங்கியது என்பதெல்லாம் அந்த இலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நாங்கள் செய்த பிழை

படிக்கத் தெரியாததால் நேர்ந்த ஒரு பிழையை முதலில் உங்களிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் உம்மா தம் கையால் நட்ட எலுமிச்சை மரம் இருக்கிறது. நோன்புக் காலத்தில் சர்பத்திற்கும், ஆண்டு முழுவதற்கும் வேண்டிய ஊறுகாய்க்கும் அந்த ஒரு மரமே போதும். சில ஆண்டுகளுக்கு முன் மழைக்குப் பிறகு வந்த தளிர்கள் அனைத்திலும் இந்த வெள்ளிக் கோடுகள் தோன்றின. இலைகள் சுருண்டன. உம்மாவின் முகம் வாடியது.

நான் ஓர் இலையைப் பறித்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் இலையை ஒரு கணம் பார்த்தார். ஒரு புட்டியை எடுத்துத் தந்தார். இது என்ன பூச்சி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று மாலையே மரம் முழுவதும் நனையும்படி தெளித்தேன்.

மறுநாள் காலையில் மரத்தடியில் கிடந்தவை என்ன தெரியுமா? பச்சை நிறப் புழுக்கள் சில, சிலந்திகள், சிறு வண்டுகள், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ உயிர்கள். ஆனால் இலைகளில் இருந்த வெள்ளிக் கோடுகள் அப்படியேதான் இருந்தன. அடுத்த முறை தளிர் விட்டபோது அவை முன்னிலும் மிகுதியாக வந்தன. மருந்து தெளித்த மரத்தின் காயைத் தொட அஞ்சி, உம்மா பல வாரங்கள் கடையில் எலுமிச்சை வாங்கினார்கள்.

ஏழாம் வகுப்புப் படித்த என் மகள் அன்று கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "வாப்பா, அதோட பேரே தெரியாம ஏன் மருந்தடிச்சீங்க?"

அதற்கு என்னிடம் விடை இல்லை. முதல் மனிதராகிய ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முதன்முதலாகக் கற்றுக்கொடுத்தது பொருள்களின் பெயர்களைத்தான் என்று திருமறை வழியாக அறிந்திருக்கும் நாம், நம் வீட்டு மரத்தில் வாழும் உயிரின் பெயரைக் கூடக் கேட்காமல் இருக்கிறோம். ஒன்றைப் பற்றி ஆராயாமல் தீர்ப்புக் கூறலாகாது என்னும் நெறி மனிதர்களுக்கு மட்டுமா உரியது?

இதோ அதன் அடையாளம்

தமிழில் இதனை எலுமிச்சை இலைச் சுரங்கப்பூச்சி என்று வேளாண் நூல்கள் குறிக்கின்றன. அறிவியலார் வழங்கும் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்பது. இரண்டாம் சொல் எலுமிச்சை இனத்தைச் சுட்டுவது.

சிறகை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். அமர்ந்திருக்கும்போது ஒரு கடுகின் அளவே இருக்கும். முன்சிறகு வெள்ளிபோல் மின்னும். அதில் பழுப்பு நிறக் கீற்றுகள் இருக்கும். சிறகின் நுனியில் மையால் வைத்தது போன்ற ஒரு கரும்புள்ளி உண்டு. அந்தப் புள்ளிதான் இதன் முத்திரை. பின்சிறகு நூல்போல் ஒடுங்கி, நீண்ட மயிர்த்தொங்கல் உடையதாய் இருக்கும். இத்துணைச் சிறிய உயிருக்கு இத்துணை நுட்பமான ஆடையை அணிவித்தவனின் ஆற்றலை என்னென்பது!

தாய்ப்பூச்சி முற்றிய இலையை நாடுவதில்லை. இளந்தளிரையே தேடி, பெரும்பாலும் அதன் அடிப்புறத்தில், நடுநரம்பை ஒட்டி முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிப்படும் புழு நேரே இலையின் தோலுக்கு அடியில் நுழைந்துவிடும். அதன்பின் தோலுக்கு அடியிலேயே சாற்றை உறிஞ்சியபடி வளைந்து வளைந்து முன்னேறும். தோல் கிழிவதில்லை, அடியில் காற்றுப் புகுவதால் அது வெள்ளிபோல் பளபளக்கிறது. நடுவே ஓடும் கருநூல் புழுவின் எச்சம். ஒரு புழு ஒரு சுரங்கத்தில் மட்டுமே வாழும்; அங்கிருந்து மற்றொரு சுரங்கத்திற்கு மாறிச் செல்லாது.

கோடு தொடங்கும் இடத்தில் நூலளவு மெலிந்தும், போகப் போக அகன்றும் இருப்பதைக் கவனியுங்கள். புழு வளர்ந்ததை அந்த அகலம் காட்டுகிறது. இறுதியில் புழு இலையின் ஓரத்தை அடைந்து, பட்டு நூலால் விளிம்பை இழுத்து மடித்து, அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகும். நீங்கள் காணும் இலைச்சுருட்டு அதன் தொட்டில். வெப்பநிலைக்கு ஏற்ப, முட்டை முதல் சிறகு முளைக்கும் வரை இரண்டு வாரம் முதல் ஏழு வாரம் வரை ஆகும். வெயில் நாட்டில் விரைவாகவும் குளிர் நாட்டில் மெதுவாகவும் நிகழும்.

வெளிவருவது பெரும்பாலும் விடியற்காலையில். பஜ்ருத் தொழுகை முடிந்து கொல்லைப்புறம் செல்வோர் கண்ணில் அது பட வாய்ப்புண்டு. வெயில் ஏறிய பிறகு இலைகளின் அடியில் மறைந்து அமர்ந்துவிடும். அதன் வாழ்நாள் சில நாட்களே. அதனால்தான் வாழ்நாளெல்லாம் எலுமிச்சை பறித்தவர்களும் இந்தப் பூச்சியைக் கண்டதில்லை. கோட்டை மட்டுமே கண்டிருக்கிறார்கள்.

இப்போது எங்கள் பிழை உங்களுக்கு விளங்கியிருக்கும். நான் தெளித்தபோது பல புழுக்கள் தோலுக்கு அடியில் பத்திரமாக இருந்தன. இன்னும் பல, பூச்சியாகிப் பறந்தே போயிருந்தன. எஞ்சியிருந்தது பழைய தடம் மட்டுமே. வடு மறையவில்லையே என்று மருந்தை மேலும் மேலும் தடவியவனின் கதையாயிற்று என் கதை.

குற்றவாளி யார், நிரபராதி யார்?

எலுமிச்சை மரத்தில் காணும் கேடு அனைத்தும் இந்த ஒரு பூச்சியால் விளைவதன்று. வேறுபாட்டை அறிந்துகொள்வது எளிதே.

இலை விளிம்பிலிருந்து கடித்துத் தின்னப்பட்டிருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இளமையில் பறவையின் எச்சம் போல் தோன்றும். வளர்ந்தபின் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவட்டுக் கொம்பை நீட்டி ஒரு வாடையை வீசும். எங்கள் மரத்தடியில் செத்துக் கிடந்த பச்சைப் புழுக்கள் இவையே. கோடு போட்டது ஒன்று. தண்டனை பெற்றது மற்றொன்று!

இலை சுருண்டிருந்து, வெள்ளிக் கோடு இல்லையென்றால் அசுவினியோ இலைப்பேனோ காரணமாகலாம். தளிரில் பசைபோல் பிசுபிசுப்பும் எறும்பு நடமாட்டமும் இருந்தால் அசுவினி என்று எண்ணுங்கள். பழத்தில் ஊசி குத்தியது போன்ற துளையும் அதைச் சுற்றி அழுகலும் இருந்தால், அது இரவில் வந்து பழச்சாறு உறிஞ்சும் பெரிய அந்துப்பூச்சியின் வேலையாகலாம்.

தக்காளி, அவரை இலைகளிலும் இதே போன்ற வெண்கோடுகளைக் கண்டிருப்பீர்கள். அது அந்துப்பூச்சியே அன்று. ஈ இனத்தைச் சேர்ந்த வேறொரு சுரங்கப்பூச்சி. ஆகவே கோட்டைப் பார்ப்பது போலவே, அது எந்தச் செடியின் இலை என்று பார்ப்பதும் அடையாளத்தின் ஒரு பகுதி.

கல்கத்தாவில் எழுதியது புளோரிடாவில் உதவியது

'இத்தனை சிறிய பூச்சியை அறிந்து குறித்து வைப்பதால் யாருக்கு என்ன பயன்?' என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

இந்தப் பூச்சிக்கு அறிவியல் உலகில் முதன்முதலாகப் பெயரிட்டவர் ஹென்றி ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர். சிற்றந்துப்பூச்சிகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். ஆண்டு 1856. அவர் முன் இருந்த பூச்சிகள் நம் நாட்டின் கல்கத்தாவிலிருந்து சென்றவை. இன்ன இடம், இன்ன மரம், இன்ன உருவம் என்று எழுதி வைத்தார். அன்று அதனால் யாருக்கும் எந்த ஆதாயமும் இல்லை.

எலுமிச்சை இனத்தின் பிறப்பிடம் ஆசியா. இஸ்லாமிய நாகரிகம் செழித்த காலத்தில் எலுமிச்சையும் கிச்சிலியும் முஸ்லிம் உழவர்களாலும் வணிகர்களாலும் மேற்கே பரவி, அந்தலூசியா எனப்படும் தென் ஸ்பெயின் வரை சென்றன. அரபியில் கிச்சிலியைக் குறிக்கும் நாரஞ்ச் என்ற சொல்லும், ஸ்பானியரின் நாரன்ஹாவும், நம் நாரத்தையும் உறவுடைய சொற்கள். மரம் அன்றே போய்ச் சேர்ந்தது. அதன் சுரங்கப்பூச்சியோ பல நூற்றாண்டுகள் கழித்து, 1993-இல்தான் ஸ்பெயினை எட்டியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, துருக்கி என மத்தியதரைக் கடல் நாடுகளில் பரவியது.

அதே 1993-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எலுமிச்சை நாற்றுப் பண்ணைகளில் இந்த வெள்ளிக் கோடுகள் காணப்பட்டன. அங்கு அதற்குமுன் காணாத ஒன்று. ஓராண்டுக்குள் மாநிலம் முழுவதும் பரவிவிட்டது. ஆயினும் அங்குள்ள ஆய்வாளர்கள் இருளில் துழாவ வேண்டியிருக்கவில்லை. சிறகுநுனிக் கரும்புள்ளியும் இலைத்தடமும் பழைய குறிப்புகளோடு பொருந்தின. பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்ததும் தாயகம் தெரிந்தது. தாயகம் தெரிந்ததும், 'அங்கே இதனை அடக்கி வைத்திருப்பது எது?' என்ற கேள்வி பிறந்தது.

விடை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் ஒட்டுண்ணிக் குளவி. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த அந்தக் குளவியைத் தாய்லாந்திலிருந்து ஆஸ்திரேலியர்கள் முன்னரே கொண்டு சென்றிருந்தனர். 1994-இல் அது ஆஸ்திரேலியாவிலிருந்து புளோரிடாவுக்கு வரவழைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டது. அஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்பது அதன் பெயர். இது சுரங்கப்பூச்சியின் முட்டைக்குள்ளோ இளம்புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைக்கும். வியப்பு என்னவெனில், அந்த ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து பல குளவிகளாகும். ஓர் அந்துப்பூச்சி வெளிவர வேண்டிய இலைத்தொட்டிலிலிருந்து பல குளவிகள் வெளிவரும்! அது அந்த மண்ணில் நிலைபெற்று, தோட்டக்காரர்க்குச் சம்பளமில்லாத வேலையாள் ஆயிற்று.

நம் நாட்டிலும் இச்சுரங்கப்பூச்சியை உண்டு வாழும் சிறு குளவிகள் பலவுண்டு. சிலந்தியும் எறும்பும்கூட இதன் பகையே. எங்கள் மரத்தில் அடுத்த தளிரில் கோடுகள் மிகுந்ததற்கு ஒரு காரணம், எங்களுக்காக உழைத்த அந்தக் காவலர்களை நானே கொன்றதுதான் என்று பிற்பாடு உணர்ந்தேன்.

உங்கள் வீட்டில் ஒரு பூச்சிக் குறிப்பேடு

பிள்ளைகளுக்கு விடுமுறை வரும்போது, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அடிக்கோலும் போதும்.

ஒவ்வொரு வாரமும் குறித்த ஒரு நாளில் மரத்தைப் பார்க்கச் செய்யுங்கள். தேதி, ஊர், மரத்தின் இனம், அதன் வயது, மழை பெய்ததா என்பவற்றை முதலில் எழுதட்டும். பிறகு இருபது இளந்தளிர்களை எண்ணி, அவற்றுள் எத்தனையில் வெள்ளிக் கோடு இருக்கிறது என்று குறிக்கட்டும். கோடு இலையின் மேற்புறமா, அடிப்புறமா? புழு உள்ளே இருக்கிறதா? ஓரம் மடிந்துவிட்டதா? இலையை வெளிச்சத்தில் பிடித்தால் பசுமஞ்சள் நிறப் புழு தெரியும். இலையின் அருகில் அடிக்கோலை வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் அளவும் பதிவாகிவிடும்.

இனி வருவதுதான் சுவையான பகுதி. ஓரம் மடிந்த இலைகள் இரண்டு மூன்றைக் காம்போடு பறித்து, சற்றே ஈரமான காகிதத் துண்டுடன் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஓரிரு வாரத்தில் ஏதேனும் ஒன்று வெளிவரும். வெள்ளிச் சிறகும் கரும்புள்ளியும் உடையதாயின் அது நம் அந்துப்பூச்சி. எறும்பினும் சிறிய, இடை ஒடுங்கிய பூச்சியாயின் அது குளவி. எது எத்தனை வந்தது என்று எழுதுங்கள். குளவிகளே மிகுந்து வந்தால் உங்கள் மரம் ஏற்கெனவே நல்ல பாதுகாப்பில் இருக்கிறது என்று பொருள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு வலியுறுத்துங்கள். கண்டதை மட்டுமே எழுத வேண்டும். ஐயமிருந்தால் 'ஐயம்' என்றே எழுத வேண்டும். ஒரு வாரம் ஒன்றும் காணவில்லையென்றால் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதும் ஒரு பதிவே. காணாததைக் கண்டதாக எழுதுவது பொய்ச்சாட்சியம். இந்த ஒழுக்கம் பூச்சியியலுக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் பயன்படும்.

ஓராண்டுக் குறிப்பு சேர்ந்ததும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் காட்டுங்கள். புளியங்குடி வட்டாரத்தைப் போல எலுமிச்சையை நம்பி வாழும் குடும்பங்கள் உள்ள ஊர்களில், எந்த மாதத்துத் தளிரில் பூச்சி மிகும் என்னும் செய்தி பயனுடையது.

மரத்திற்கு என்ன செய்வது?

நன்கு வளர்ந்த மரமாயின் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சில தளிர்கள் சுருளுவதால் காய்ப்புப் பெரிதும் குறைந்துவிடாது. கோடு விழுந்த இலைகளைப் பறித்து எறியவும் வேண்டாம். எஞ்சிய பசுமை மரத்திற்கு உணவு சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அடிமரத்திலிருந்து வீணே எழும் நீர்ப்போத்துகளை மட்டும் நீக்கிவிடுங்கள். பூச்சிக்கு விருந்தாகும் தளிர் குறையும். தழைச்சத்து உரத்தை அளவின்றி இடாதீர்கள்.

கவனம் வேண்டுவது நாற்றுகளுக்கும் இளங்கன்றுகளுக்குமே. அவற்றின் உயிர் தளிரில்தான் இருக்கிறது. மேலும் சுரங்கம் விழுந்த இலையின் வழியே சொறிநோய்க் கிருமி எளிதில் புகும். இளங்கன்றுகளில் தாக்குதல் மிகுந்தால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஊறவைத்து வடிகட்டி, தளிர்கள் நனையும்படி மாலையில் தெளிக்கலாம். தளிர் விடும் தொடக்கத்தில் தெளிப்பதே பயன் தரும். வடு விழுந்தபின் தெளிப்பது வீண்.

இது ஓர் அமானிதம்

தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயர்களைத் தலைப்பாகக் கொண்ட அத்தியாயங்கள் இறைமறையில் உள்ளன. கொசுவை உவமையாகக் கூற இறைவன் தயங்குவதில்லை என்று கூறும் வேதம் நம்முடையது. அந்த வேதத்தைக் கற்றவர்கள்தாம் உயிர்களை உற்று நோக்கி எழுதினார்கள். பஸராவின் அல்-ஜாஹிழ் 9-ஆம் நூற்றாண்டில் விலங்குகளைப் பற்றிப் பெருநூல் எழுதினார். எகிப்தின் அத்-தமீரி 14-ஆம் நூற்றாண்டில் உயிரினங்களை அகரவரிசைப்படுத்தி ஒரு களஞ்சியமே ஆக்கினார். அவர்களின் வழித்தோன்றல்களாகிய நம் இல்லங்களில் ஒரு நோட்டுப் புத்தகமாவது திறந்திருக்க வேண்டாமா?

மரம் நட்டவருக்கு, அதிலிருந்து மனிதரும் பறவையும் விலங்கும் உண்பதெல்லாம் தர்மமாகும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்ப்பவை என்று அவர்கள் எடுத்துரைத்த மூன்றனுள் பயன் தரும் கல்வியும் ஒன்று. கல்கத்தாவின் ஒரு தளிரில் கண்ட பூச்சியைப் பற்றிய குறிப்பு, 137 ஆண்டுகளுக்குப் பின் உலகின் மறுபுறத்து உழவனுக்கு வழி காட்டியதே! உங்கள் பிள்ளை இன்று உண்மையாக எழுதும் ஒரு வரி எந்நாளில், எவருக்குப் பயன்படும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

உம்மாவின் மரம் இப்போதும் காய்க்கிறது. தளிர் விடும் காலத்தில் வெள்ளிக் கோடுகளும் வருகின்றன. என் மகளின் குறிப்பேட்டில் இப்போது மூன்றாவது புத்தகம் நடக்கிறது. சென்ற மழைக்காலத்தில் அவள் புட்டியில் வைத்த மடிப்புகளில் பாதிக்கு மேல் குளவிகளே வெளிவந்தன. அதை அவள் படித்துக் காட்டியபோது உம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு துணியை அவிழ்த்து, குளவிகளை மரத்தடியிலேயே விட்டுவிடச் சொன்னார்கள்.

நீங்களும் இன்றே ஒரு தளிரைத் திருப்பிப் பாருங்கள். மருந்துப் புட்டியைத் தேடுமுன் பேனாவைத் தேடுங்கள்.